கடலோரப் பதிவேடு: கொச்சியில் அரசும் தொண்டமைப்புகளும்

(மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் பஜார் சாலை மிளகுக் கிடங்குகளில் கணக்கெழுதி வாழ்ந்தவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். காலநிலை மாற்றம் பற்றிப் பேச வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, நானும் கணக்கைப் பற்றியே பேசுவதாக ஒப்புக்கொண்டேன். கடல் உயர்கிறது, மழை முறை தவறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யார் வீட்டில் என்ன கெடுகிறது, அதை யார் எழுதி வைக்கிறார்கள், எழுதியதை யாரிடம் கொடுக்கிறார்கள், வாங்கியவர் என்ன செய்கிறார் என்ற கேள்விகளுக்குத்தான் பதில் தெளிவாக இல்லை. அரசும் தொண்டமைப்புகளும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று மேடைதோறும் சொல்கிறோம். எந்த இடத்தில் சேர வேண்டும் என்று சொல்வதில்லை. அவை சேர வேண்டிய இடம் வார்டு சபையில் எல்லோர் முன்னும் படிக்கப்படும் ஒரு பதிவேடு என்பது என் கருத்து. அதற்குக் கொச்சியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சான்றுகள் சொல்கிறேன்.

1. ஊரும் நீரும்

1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் அழிமுகத்தைத் திறந்தது என்பது இந்தக் கரையின் பழைய வரலாறு. ஒரு வெள்ளம் ஓர் ஊரைக் கெடுத்து இன்னோர் ஊரை வாழவைத்தது. அப்படி வாழ்ந்த ஊருக்குப் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வந்தார்கள். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் என ஒரு சதுர மைலுக்குள் ஓர் உலகமே குடியேறியது. ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் இன்றும் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களின் முன்னோரை டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்ததாகச் சொல்வார்கள். நீரையும் வெயிலையும் நம்பித் தொழில் செய்யும் அந்தக் குடும்பங்களுக்குக் காலநிலை என்பது அன்றாடக் கூலியில் தெரியும் விஷயம்.

1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்தின் வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-இல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. தூர்வாரிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவு உருவானது. 1967 நவம்பர் 1 அன்று ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின. அதன் பிறகு வேம்பநாட்டுக் காயலின் ஓரங்கள் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் துறைமுகத்துக்காகவும் நிரப்பப்பட்டுக்கொண்டே வந்தன. 2002-இல் அந்தக் காயல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் நிரப்புவது நிற்கவில்லை.

இந்தச் சுருக்கமான வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. சிறிது என்பதால்தான் நம் முன்னோர் தண்ணீரின் விளிம்பிலேயே கிடங்கும் வீடும் கட்டினார்கள். கடல் ஒரு சாண் உயர்ந்தாலும் பெரிய இடைவெளி இருக்கும் ஊர்கள் சமாளிக்கும். இடைவெளியே வைக்காமல் கட்டிய ஊரில் அந்த ஒரு சாண் நேரே திண்ணைக்கு வரும். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. அந்தச் சராசரி நம் ஊரில் என்ன செய்கிறது என்று இனிப் பார்ப்போம்.

2. இரண்டு மணி நேர வெள்ளம்

விருச்சிக மாதத்து வேலியேற்றம் என்று இங்குள்ளவர்கள் சொல்வது புதியதன்று. கார்த்திகை, மார்கழியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயரும், தாழ்ந்த வளாகங்களில் கொஞ்சம் தண்ணீர் ஏறும், இறங்கிவிடும். ஏழிக்கரை, கும்பளங்கி, புத்தன்வேலிக்கரை, செல்லானம், வைப்பின் கரைகளில் இப்போது அது வீட்டுக்குள் வருகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு இது அதிகமானது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் காயலிலும் சிறு ஓடைகளிலும் படிந்திருக்கிறது, நீர் பரவ இருந்த நிலம் நிரப்பப்பட்டிருக்கிறது, கடலும் உயர்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து அதே ஓதத்தை உயரே தள்ளுகின்றன.

இந்த வெள்ளத்தின் இயல்பு விசித்திரமானது. இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். யாரும் சாக மாட்டார்கள். படகில் வந்து மீட்க வேண்டியதில்லை. ஆனால் வருவது உப்புத் தண்ணீர். ஓதம் ஏறிய சுவரின் பூச்சு மாவாக உதிரும். தரை பெயரும். கழிப்பறைத் தொட்டி நிரம்பி வாரக்கணக்கில் பயன்படாது. குளிர்பதனப் பெட்டியை முக்காலிமேல் தூக்கி வைத்திருக்கும் வீடுகள் அங்கே சாதாரணம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டி, தண்ணீர் வடிந்தபின் சேற்றை வாரிவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் இழப்பு எந்த அரசுப் படிவத்தில் ஏறும்?

நம் நிவாரண விதிகள், இழப்பு ஒரு நாளில் நேரும், அதை ஒரு சேதப் பட்டியலில் அடக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு, மேகவெடிப்பு என்று போகும் தேசியப் பட்டியலில் ஓத வெள்ளத்துக்குத் தனி இடம் இல்லை. மாநில அரசு தன் பகுதிக்கே உரிய பேரிடர்களை அறிவித்து, மாநிலப் பேரிடர் நிதியில் பத்து விழுக்காடு வரை அதற்குச் செலவிடலாம். கேரளம் மின்னலையும் கடலரிப்பையும் அப்படி அறிவித்திருக்கிறது. ஆக வழி இருக்கிறது. வழியைத் திறக்கச் சான்று வேண்டும். எத்தனை வீடு, எத்தனை நாள், எவ்வளவு உயரம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் அரசுக்கு வெளியே இருந்தார்கள். கொச்சியைச் சேர்ந்த ஈக்வினாக்ட் என்ற ஆய்வுக் குழுவும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஏழிக்கரை, கும்பளங்கி, புத்தன்வேலிக்கரை ஊராட்சிகளில் வீடுகளுக்கு ஓத வெள்ள நாட்காட்டிகளைக் கொடுத்தன. எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எதுவரை ஏறியது, எப்போது இறங்கியது என்று வீட்டுக்காரர்களே குறித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். துறைமுகத்தில் இருக்கும் ஓதமானி கடலின் உயரத்தைச் சொல்லும். சமையலறையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை அந்த நாட்காட்டிதான் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் எந்த ஓதத்துக்கு எந்தத் தெரு நனையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். செயற்கைக்கோள் படத்தில் இது கிடைக்காது. இதே துன்பத்தை இந்தக் கரையின் மக்கள் சவிட்டு நாடகமாகவும் ஆடிக் காட்டினார்கள். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழ்ப் புலவரின் வழி வந்ததாகச் சொல்லப்படும், தமிழ் கலந்த பாட்டோடு லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடிவரும் கலை அது. நாட்காட்டி அதிகாரிக்குச் சொன்னதை நாடகம் ஊருக்குச் சொன்னது.

மீனச்சில் ஆற்றுப் படுகையில் ஊர் மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழைமானி வைத்து அளப்பதும், முகம்மாவில் ஏட்ரீ அமைப்பின் மையம் 2008 முதல் ஆண்டுதோறும் வேம்பநாட்டு மீன்களைக் கணக்கெடுப்பதும் இதே வரிசையில் வருபவை. தொண்டமைப்புகளின் தனி வலிமை இங்கே இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்க அரசு அலுவலருக்கு அவகாசம் கிடையாது. மூன்றாண்டில் இடமாற்றம் வந்துவிடும்.

3. செல்லானத்துச் சுவர்

ஃபோர்ட் கொச்சியிலிருந்து தெற்கே கடற்கரையோடு போனால் செல்லானம். ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், நடுவே ஒடுங்கிய நிலம். 2017 நவம்பர் இறுதியில் ஓக்கி புயல் வந்தபோது கடல் வீடுகளைப் புரட்டியது. அடுத்த ஆகஸ்டில் கேரளம் முழுவதும் மூழ்கியது. 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை பெய்த மழை வழக்கத்தைவிட 42 விழுக்காடு அதிகம். அப்போது தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்ப் பல்லாயிரம் பேரை மீட்டவர்கள் கடலோர மீனவர்கள். செல்லானத்தாரும் அவர்களில் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் தாங்களே வீடிழந்து நின்றவர்கள்.

ஊரைக் காக்க ஜியோ டியூப் எனப்படும் மணல் நிரப்பிய குழாய்களைப் போடும் திட்டம் வந்து, இழுபட்டு, பயன் தராமல் போனது. 2019 இறுதியில் செல்லானம் கொச்சி ஜனகீய வேதி என்ற மக்கள் மன்றம் தொடர் உண்ணாவிரதத்தைத் தொடங்கியது. சுவர் மட்டும் போதாது, துறைமுகக் கால்வாயில் ஆண்டுதோறும் தூர்வாரும் மணலைக் கொண்டு கரையை நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கப்பலுக்காக ஆழப்படுத்தியதால் தங்கள் கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் போயிற்று என்பது அவர்கள் வாதம். 2021 மே மாதம் டவ்தே புயல் மீண்டும் அடித்தது.

அதன் பிறகு அரசு அசைந்தது. 344 கோடி ரூபாய்த் திட்டத்தில், சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் வடிவமைப்பின்படி, செல்லானம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை ஏழு கிலோமீட்டருக்கு மேல், நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிய டெட்ராபாட் சுவர் எழுந்தது. கட்டியது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். 1925-இல் வாக்படானந்த குருவின் வழியில் வடகரைப் பகுதிக் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய சங்கம் அது. இன்று கேரளத்தின் பெரிய கட்டுமான அமைப்புகளில் ஒன்று.

சுவர் எழுந்த பகுதியில் மக்கள் மழைக்காலத்தில் வீட்டில் தூங்கினார்கள். இது உண்மை; யாரும் மறுக்கவில்லை. சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, கண்ணமாலியிலும் செறியகடவிலும் கடல் முன்னிலும் மூர்க்கமாக ஏறுவதாக அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இதுவும் புறக்கணிக்க முடியாதது. கரையில் ஓரிடத்தைக் கெட்டிப்படுத்தினால் அலையின் ஆற்றல் அடுத்த இடத்துக்குப் போகும் என்பது கடற்கரைப் பொறியியலின் பாலபாடம். இரண்டாம் கட்டம் எப்போது, எதுவரை என்பதே அடுத்த போராட்டம் ஆயிற்று.

இதில் நான் கவனிப்பது உறவின் வகையை. ஜனகீய வேதி அரசோடு கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்ட அமைப்பு அல்ல. சாலையில் உட்கார்ந்து, நீதிமன்றம் போய், மாற்றுத் திட்டம் எழுதிக் கொடுத்த அமைப்பு. அரசு ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய கூட்டுறவுச் சங்கமும் ஒத்துழைத்தது. அரசை எதிர்த்து நின்ற மக்கள் மன்றமும் ஒத்துழைத்தது என்று நான் சொல்வேன். எதிர்த்தவர்கள் இல்லாவிட்டால் சுவருக்கான கோப்பு நகர்ந்திருக்காது. தொண்டமைப்பு என்றால் திட்டத்தைச் செயல்படுத்தித் தரும் கைகள் மட்டுமே என்று அரசு நினைக்கும்போது, கேள்வி கேட்பவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. கொச்சியில் இன்று நடக்கும் பல ஆலோசனைக் கூட்டங்களின் குறை அதுதான்.

4. நாகப்பட்டினத்தில் கற்றது

ஆழிப்பேரலை அடித்த 2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய நாட்களை நினைத்துப் பாருங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒரே கிராமத்துக்கு நான்கு முறை துணி வந்தது. பக்கத்துக் கிராமத்துக்குக் குடிதண்ணீர் வரவில்லை. அப்போது திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையின் சினேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்ற ஒரே பட்டியலை வைத்திருந்ததுதான் அதன் முதல் சாதனை. நிவாரணம் முடிந்து வீடு கட்டும் கட்டம் வந்தபோதும் அந்த மையம் தொடர்ந்தது. கிராமத்துக் குறைகளை ஆட்சியர் அலுவலகத்துக்கும், அரசின் விதிகளைக் கிராமத்துக்கும் கொண்டுபோனது.

தமிழ்நாடு அரசு 2005 ஜனவரி 13 அன்று அரசாணை எண் 25-ஐ வெளியிட்டது. வீடு கட்ட முன்வரும் நிறுவனம் குறைந்தது ஐம்பது வீடுகளாவது கட்ட வேண்டும், 75 லட்சம் ரூபாயாவது போட வேண்டும் என்று அது வரையறுத்தது. நல்ல எண்ணம் கொண்டவர்கள் ஆளுக்கு இரண்டு வீடு கட்டிக் கல்வெட்டு வைத்துவிட்டுப் போவதை அது தடுத்தது. நிலமும் விதியும் அரசின் பொறுப்பு, கட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு என்று கோடு தெளிவாக இருந்தது. குறைகள் பல இருந்தாலும், பொறுப்பை எழுத்தில் பிரித்ததால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது மீனவருக்குத் தெரிந்தது.

இந்தப் பாடம் இரு மாநிலங்களுக்கும் பொது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எர்ணாகுளத்தில் "அன்போடு கொச்சி" என்ற தன்னார்வலர் குழு உருவாகி, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு நிவாரணப் பொருள் அனுப்பியது. அப்போது மாவட்ட ஆட்சியர் எம்.ஜி. ராஜமாணிக்கம். சென்னைக்காகப் பொட்டலம் கட்டிப் பழகிய அதே குழு, 2018-இல் கேரளத்துக்காகக் கடவந்திரா விளையாட்டரங்கில் இரவு பகலாக வேலை செய்தது.

உலகில் இதற்கு இணையான பெரிய சான்று வங்கதேசம். 1970 புயலில் அங்கே இறந்தவர்கள் சில லட்சம் பேர். அதன் பிறகு அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் கூட்டாகப் புயல் ஆயத்தத் திட்டத்தை அமைத்தன. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள், கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் மக்களைப் புகலிடங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். அரை நூற்றாண்டாக அது நீடிக்கக் காரணம், அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இடம் இருப்பது. தன்னார்வலர் ஊதியம் பெறுவதில்லை. திட்டம் நன்கொடையை நம்பி இல்லை.

5. அறிக்கைக்கும் கோப்புக்கும் இடையே

இனி, ஒத்துழைப்பு பலன் தராமல் போகும் மறுபக்கம். பொக்காளி வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்ட வயலில் ஆளுயர நெல். நவம்பருக்குப் பின் அதே வயலில் ஓதத்தோடு வரும் இறால். உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நெல், உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும். கடல் உயரும் காலத்துக்கு எங்கோ தேடப்படும் தொழில்நுட்பம் நம் பக்கத்து வயலில் ஏற்கனவே இருக்கிறது. அந்த வயல்கள் ஓத நீரைத் தாங்கி வைக்கும் தொட்டிகளும்கூட. வயல் சுருங்கச் சுருங்க நீர் வீட்டுக்கு வருகிறது. பொக்காளிக்குத் தனி அரசு முகமை 1990-களிலிருந்து இருக்கிறது, ஆய்வுகள் குவிந்திருக்கின்றன, தொண்டமைப்புகள் ஆண்டுதோறும் அறுவடை விழா நடத்துகின்றன. பரப்பு மட்டும் குறைந்துகொண்டே போகிறது. இறால் நெல்லைவிட லாபம் தருகிறது. சேற்றில் இறங்கி அறுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்த விவசாயி தன் வயலில் நீரை நிறுத்தி ஊருக்குச் செய்யும் சேவைக்கு யாரும் பணம் தருவதில்லை. கேள்வி விலை பற்றியது. விழாவால் அதற்கு விடை கிடைக்காது.

குட்டநாடும் அப்படித்தான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் பூர்வீகம் குட்டநாட்டு மங்கொம்பு. அவரது நிறுவனம் எழுதிய ஆய்வின் அடிப்படையில் 1,840 கோடி ரூபாய்க் குட்டநாடு தொகுப்புத் திட்டம் 2008-இல் ஏற்கப்பட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் அந்த வேளாண்மையை 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. சுவாமிநாதன் நிறுவனத்தின் அறிக்கை நீரோட்டம், உப்பு, பயிர்க் காலம், தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை எப்போது திறப்பது என்று எல்லாவற்றையும் ஒரே உடம்பாகப் பார்த்தது. செயலாக்கம் பல துறைகளிடம் பிரிந்தது. வரப்புக்குக் கருங்கல் அடுக்குவது சுலபம்; துறைகள் பேசி ஷட்டர் திறக்கும் நாளை ஒத்துக்கொள்வது கடினம். சுலபமானது முதலில் நடந்தது. தொண்டமைப்பு அறிக்கை எழுதும், அரசு செயல்படுத்தும் என்ற பிரிவினையின் விளைவு இது. எழுதியவர்களைச் செயலாக்கத்தின் மேற்பார்வையில் வைக்காவிட்டால் அறிக்கையின் உயிர் பாதி வழியில் போய்விடும்.

கொச்சி மாநகராட்சியில் சி-ஹெட் என்ற மரபுரிமை, சுற்றுச்சூழல், வளர்ச்சி மையம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இருக்கிறது. ஜெர்மன் அரசின் உதவியோடு இக்லி தெற்காசியா அமைப்பு கொச்சிக்கு உள்ளூர்ப் பல்லுயிர் உத்தித் திட்டம் தயாரித்தபோது மாநகராட்சிப் பக்கத்தில் இணைந்து நின்றது அந்த மையம்தான். உலகத் தொண்டமைப்புகள் இந்த ஊருக்கு வரும்போது பேச ஓர் ஆள், ஓர் அலமாரி, பழைய வரைபடங்கள் இருக்கின்றன. பல இந்திய நகரங்களில் அதுகூட இல்லை. என்றாலும் ஒரு கேள்வி நிற்கிறது: வெளிநாட்டு நிதியின் மூன்றாண்டு முடிந்து ஆலோசகர்கள் போனபின், அந்தத் திட்டத்தின் வரிகள் மாநகராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் எத்தனை இடத்தில் வருகின்றன? அதை வைத்துத்தான் ஒத்துழைப்பின் வெற்றியை அளக்க வேண்டும்.

பணத்தின் விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பதிலிருந்து இருபது விழுக்காடாகக் குறைத்தது. தவறு நடக்காமல் தடுப்பது நோக்கமாக இருக்கலாம். விளைவாக, பெரிய நிறுவனம் வாங்கி ஊர்க்குழுவிடம் கொடுக்கும் பழைய வழி அடைபட்டது. பத்தாண்டு தண்ணீர் அளப்பவரின் சம்பளம் நிர்வாகச் செலவாகத் தோன்றும்போது, அளப்பதற்கு ஆள் இருக்க மாட்டார். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை விரும்பும். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். நாட்காட்டிக் குறிப்புக்கு எங்கே வைப்பது?

6. நீடித்து நிற்பவை

அப்படியானால் எது நிலைக்கிறது? கேரளத்தில் விடை கையருகே இருக்கிறது. 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் இயக்கம், அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்க அரசை எதிர்த்தது. அதே பரிஷத் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்துக்கு ஆயிரக்கணக்கான பயிற்றுநர்களைத் தந்தது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குப் போனது அப்போது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்களின் அமைப்பில் இன்று நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அது அரசுத் துறையா, தொண்டமைப்பா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்; அந்தக் கடினத்தில்தான் அதன் பலம். அரசு ஆணையால் பிறந்தது, ஆனால் அண்டைவீட்டுக் கூட்டத்தில் வாழ்கிறது.

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பை மேடு பற்றி எரிந்து, பத்து நாட்களுக்கு மேல் இந்த நகரம் புகையில் மூச்சுத் திணறியது நமக்கு மறக்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குப்பையை ஊருக்கு வெளியே கொட்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்புக்கு வந்த விலை அது. அதன் பிறகு வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்கும் ஹரித கர்ம சேனையின் பெண்களைத்தான் நகரம் தேடியது. அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு வீட்டின் நிலையும் தெரியும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சுவர் உதிர்கிறது, எந்த வீட்டில் படுக்கையிலிருக்கும் முதியவர் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தத் துறைக்கும் தெரியாது.

7. மேற்குக் கொச்சிக்கு மூன்று யோசனைகள்

ஜெர்மன் கடனுதவியோடு வந்த வாட்டர் மெட்ரோ, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்கலப் படகுகளில் நம்மை எர்ணாகுளம் கொண்டுபோகிறது. 2025-இல் மட்டாஞ்சேரிக்கும் முனையம் வந்துவிட்டது. பெரிய திட்டங்களை இந்த நகரத்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. நான் கேட்பவை சிறியவை.

முதலாவது, மேற்குக் கொச்சியின் ஒவ்வொரு வார்டிலும் ஓதப் பதிவேடு. அளக்கும் முறையைத் தொண்டமைப்புகள் கற்றுக்கொடுக்கட்டும். குடும்பஸ்ரீ அண்டைவீட்டுக் குழு குறித்து வைக்கட்டும். செலவு மாநகராட்சியின் திட்ட நிதியிலிருந்து வரட்டும். விருச்சிகத்துக்கு முன்னும் பின்னும் அது வார்டு சபையில் படிக்கப்பட வேண்டும். தன் பெயரும் தன் வீட்டில் நின்ற தண்ணீரும் சபையில் படிக்கப்பட்ட குடும்பத்துக்கு மனு எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்தப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு ஓத வெள்ளத்தை மாநிலத்துக்கே உரிய பேரிடராக அறிவிக்கக் கோருவது. அறிவிப்பு வந்தால் நிவாரணம் வரும். நிவாரணத்தைவிட முக்கியம் தணிப்பு. மாநிலப் பேரிடர் மேலாண்மை நிதியில் இருபது விழுக்காடு தணிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள ராமேஸ்வரம், கல்வத்தி கால்வாய்களைத் தூர்வாருவது, தரையை உயர்த்திய கழிப்பறை, எஞ்சியிருக்கும் பொக்காளி வயலுக்கு நீர்தாங்கும் சேவைக்கான ஊதியம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து கேட்கலாம். பதிவேடு இல்லாமல் கேட்டால் அது கோரிக்கை; பதிவேட்டோடு கேட்டால் அது கணக்கு.

மூன்றாவது, எழுத்திலான ஒப்பந்தம். இனி இந்த ஊரில் காலநிலைத் திட்டத்தோடு வரும் எந்த அமைப்பும், நாகையின் அரசாணையைப் போல, எதைத் தான் செய்யும், எதை அரசு செய்யும், நிதி முடிந்தபின் யார் தொடர்வார் என்று மூன்று பத்திகளில் எழுதி வார்டு சபையில் வைக்க வேண்டும். அளந்த தரவுகள் ஊருக்கே சொந்தம் என்பது அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். அதே மேசையில் ஜனகீய வேதி போன்ற எதிர்க்குரல்களுக்கும் நாற்காலி வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. வார்டு சபை இருக்கிறது, குடும்பஸ்ரீ இருக்கிறது, சி-ஹெட் இருக்கிறது, அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நிதியில் தலைப்பும் இருக்கிறது. கடமையைத் தொண்டமைப்புகளின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கக் கூடாது. அரசின் கோப்பில் ஏறாத நற்பணியைச் செய்துவிட்டோம் என்று தொண்டமைப்புகளும் நிறைவடையக் கூடாது. அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் ஓதப் பதிவேட்டைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வந்திருப்பவர்களில் பத்துப் பேர் கேட்டால் அது நிரலில் ஏறிவிடும்.